பெரியகல்லாற்றுச் சந்தாதாரர்கள்

சுனாமிக்குப் பிந்திய முதலாவது சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, பெரியகல்லாற்றில் கனகசிங்கத்தின் வாசற்படியில், 1819ஆம் ஆண்டு கல்கத்தாவில் அச்சான வங்காள வாரப் பத்திரிகை ஒன்று மை காயாமல் கிடந்தது. வாசற்படி என்று சொல்வதுதான் சரி. வீடு என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கடல் கூரையையும் சுவர்களையும் கொண்டுபோய்விட்டு, படியையும் கதவில்லாத நிலையையும் மட்டும் விட்டுவைத்திருந்தது. கனகசிங்கமும் மனைவி இரத்தினம்மாவும் பாடசாலை முகாமில் தங்கியிருந்தார்கள். அந்த நிலையையும் எவனாவது கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்ற சந்தேகத்தில் அவர் காலையிலேயே பார்க்க வந்திருந்தார். கடல் ஆறு நாட்களாகக் கட்டில், குளிர்சாதனப் பெட்டி, கோயில் மணி என்று எதையெதையோ கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்ததால், ஒரு பத்திரிகையைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கும் நிலையில் இல்லை. ஆனால் மற்றவை எல்லாம் நனைந்தும் உடைந்தும் கிடந்தன. இது நாலாக மடித்து நேராக வைக்கப்பட்டிருந்தது. கனகசிங்கத்துக்கு அதுதான் பிடிக்கவில்லை.

அவர் வாழைச்சேனைக் காகித ஆலையில் இருபத்தெட்டு வருடம் கூழ்ப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே சந்தேகப் பிராணி. தேநீருக்குச் சீனி போட்டாயிற்று என்று இரத்தினம்மா சொன்னாலும் ஒருமுறை கலக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பத்திரிகையின் மூலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். வைக்கோல் கூழ் இல்லை, மரக்கூழும் இல்லை. பழந்துணியை ஊறவைத்து இடித்துச் செய்த தாள். அப்படிப்பட்ட தாளை அவர் கேள்விப்பட்டிருந்தாரே தவிர மென்றதில்லை. யாரோ தன்னோடு விளையாடுகிறான் என்று முடிவுகட்டி, அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கே போய்ப் படியின்மேல் குந்திக்கொண்டார். ஏழு மணிவரை ஒரு காகம்கூட வரவில்லை. எழும்பிப் பார்த்தபோது இரண்டாவது இதழ் அவருக்குக் கீழே கிடந்தது. உடுத்திருந்த சாரத்தின் பின்புறத்தில் கல்கத்தாச் செய்திகள் இடம்வலம் மாறிப் பதிந்திருந்தன. அந்தச் சாரத்தோடேயே முகாமுக்குத் திரும்பியதால் விஷயத்தை ஒளிக்க முடியாமற்போனது.

அந்த நாட்களில், வாசிக்க முடியாத எழுத்தில் ஒரு தாள் வந்தால் அது நிவாரணப் படிவம் என்பது ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டென்மார்க்காரர், கொரியாக்காரர், ஜெர்மன்காரர் எல்லோரும் கையில் தாளோடுதான் வந்திறங்கினார்கள். போதாக்குறைக்கு, வங்காள எழுத்துகள் ஒரு கோட்டிலிருந்து தொங்குகின்றன. வரிக்கு வரி கோடு. கோட்டைக் கண்டால் அதன்மேல் எதையாவது நிரப்ப வேண்டும் என்றுதான் படிவம் நிரப்பிப் பழகிய கைக்குத் தோன்றும். கோட்டுக்குக் கீழே தொங்குவது பெயர் என்ன, விலாசம் என்ன என்று அந்த நாட்டுப் பாஷையில் கேட்பதாக இருக்கும். கனகசிங்கம் வங்காளத்து வீட்டுத் திட்டம் ஒன்றைத் தனியாக அமுக்கப் பார்க்கிறார் என்று பருப்புக்கு வரிசையில் நின்றவர்கள் குசுகுசுத்தார்கள். நான்காவது இதழ் வந்த அன்று அதை அவரிடமிருந்து கிட்டத்தட்டப் பறித்தே எடுத்து, முகாம் மேசையில் விரித்து, கோடுகளின்மேலும் ஓரங்களிலும் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதத் தொடங்கினார்கள். மருதமுனையிலிருந்து மீன் வாங்க வரும் சரீப் தன் பெயரையும் மனைவி ஆயிஷா உம்மாவின் பெயரையும் எழுதினார். எல்லோரும் எழுதும்போது தான் மட்டும் விடுபட்டுப் போவேனோ என்ற பயத்தில் கனகசிங்கமும் எழுதினார். இரத்தினம்மா தன் பெயரைத் தானே எழுதினாள். அவளிடமிருந்து பேனையை வாங்கி, அவர் மூன்றாவதாக ஒரு பெயரும் எழுதினார். திவாகரன்.

திவாகரன் அவர்களுடைய ஒரே பிள்ளை. இரண்டு வருடங்களுக்கு முன், வாவிக்கு அப்பால் படுவான்கரையில், கரடியனாற்றில், தாய்மாமனின் வயல்வட்டையில் வேளாண்மை வெட்டப் போனவனை இயக்கம் கூட்டிக்கொண்டு போனது. வன்னியில் இருக்கிறான் என்று ஒருவர் சொன்னார். அங்கே அப்படி ஒருவன் இல்லை என்று இன்னொருவர் சொன்னார். கனகசிங்கம் இருவரையும் நம்பவில்லை. முகாமில் இல்லாதவனுக்கு எதற்குப் பதிவு என்று மேசையருகே நின்ற ஒருவர் கேட்டதற்கு, இல்லாதவன் என்று உனக்கு யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டார். அன்று பின்னேரம் அந்தத் தாள் மேசையிலிருந்து காணாமற்போனது. ஒவ்வொருவரும் மற்றவரைச் சந்தேகித்தார்கள், இரண்டு குடும்பங்கள் அதன்பிறகு பேசிக்கொள்ளவேயில்லை.

ஐந்தாவது இதழைக் கனகசிங்கம் மட்டக்களப்பு டவுனுக்குக் கொண்டுபோனார். டச்பார்ப் பக்கம் ஈனிட் என்ற பறங்கிப் பெண்மணி இருந்தார். பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பன் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பல் இன்ஜினியராக இருந்ததால் பதின்மூன்று வயதுவரை அங்கே வங்காளம் படித்தவர். அலை அவருடைய தம்பி லெஸ்டரைக் கொண்டுபோய், பியானோவுக்குள் மணலை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. ஈனிட் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இது படிவமில்லை, பத்திரிகை என்றார். பத்திரிகையின் பெயருக்குச் செய்தித் தோணி என்று அர்த்தம் என்றார். கோகுல்சந்திரர் என்ற பண்டிதர் மரத்தாலான அச்சுப்பொறி ஒன்றை வைத்து, வங்காளிகளுக்கு வங்காளத்திலேயே செய்தி சொல்ல வேண்டும் என்று தொடங்கியது அது. அரிசி விலை, அவுரிச் செடி, ஆற்றில் முதலை, பக்கத்துத் தெருப் பேய் என்று எல்லாம் எழுதினார். ஆனால் பத்தொன்பது பேருக்குமேல் சந்தா சேரவில்லை. நாலாவது இதழோடு மூடுவதென்றிருந்தாராம். அதற்குள் தெற்கே பெரியகல்லாறு என்ற ஊரிலிருந்து ஏராளமான பிரமுகர்கள் தத்தம் கைப்படப் பெயர் எழுதி அனுப்பிவிட்டபடியால், ஆண்டவன் கிருபையில் தோணி தொடர்ந்து ஓடும் என்று ஐந்தாவது இதழில் அறிவித்து, சந்தாதாரர் பட்டியலில் அவர்களையும் சேர்த்திருந்தார். அடையாள அட்டை இலக்கங்களை அந்த ஊர்ப் பட்டங்கள் என்று எண்ணி, பெயருக்கு முன்னால் மரியாதையாகப் போட்டிருந்தார்.

கனகசிங்கம் ஒன்றையே கேட்டார். திவாகரன் என்ற பெயர் இருக்கிறதா? ஈனிட் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு தோணி, பெயர் எழுதிய எல்லோருடைய வாசலிலும் சனிக்கிழமைதோறும் வந்து விழுந்தது. கூடாரத்திலிருந்து தகரக் கொட்டிலுக்கும், தகரக் கொட்டிலிலிருந்து நிறுவனம் கட்டிக்கொடுத்த வீட்டுக்கும் சனங்கள் மாறியபோது, தபால்காரருக்கே பிடிபடாத புதிய விலாசங்களை அது ஒரு கிழமைகூடத் தவறாமல் கண்டுபிடித்தது. கல்கத்தாவில் இதனால் கோகுல்சந்திரருக்குத் தலையிடி தொடங்கியது. எந்த வரைபடத்திலும் இல்லாத ஊரிலிருந்து சந்தாதாரர்களை அவர் கற்பனை செய்து அச்சிடுகிறார் என்று எதிர்ப் பத்திரிகைகள் எழுதின. கும்பனிப் பொலிசும் வந்து விசாரித்தது. பாவம், மனிதர் தலையங்கத்திலேயே கேட்டார்: பெரியகல்லாற்றுச் சந்தாதாரர்களே, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? ஈனிட் இதை வாசித்துச் சொன்னபோது ஊர் கூடி யோசித்து, பதில் எழுதுவதில்லை என்று தீர்மானித்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்ட எவருக்கும் அந்த வருடங்களில் எங்கள் கரையில் சரியான பதில் கிடைத்ததில்லை. பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் நூல்களைப் புரட்டிவிட்டு, அப்படி ஒரு பத்திரிகை உலகத்தில் இருந்ததே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். சனிக்கிழமை அவருக்கும் ஒரு பிரதி காட்டினார்கள்.

இங்கேயும் விசாரணைகள் இல்லாமலில்லை. இயக்கத்துப் பிள்ளைகள் அது ஹிந்தி என்றும் இந்திய உளவு என்றும் சந்தேகித்து இரண்டு தடவை வந்து போனார்கள். இராணுவ முகாமில் அது தமிழர்களின் இரகசிய எழுத்து என்று சந்தேகித்து, கனகசிங்கத்தை ஒருநாள் முழுவதும் மரவாங்கில் இருத்தி வைத்தார்கள். அங்கிருந்த இளம் லெப்டினன்ட் கடைசியில் சலித்துப்போய், உண்மையென்றால் எனக்கும் வரட்டும் பார்க்கலாம் என்று ஓரத்தில் தன் பெயரை எழுதிக் கையொப்பமும் வைத்தார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து முகாம் வாசலிலும் தோணி விழுந்தது. அதன்பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. சோதனைச் சாவடிகளில் மட்டும் புதிய ஆட்கள் மாறிமாறி வந்ததால், கனகசிங்கம் டவுனுக்குப் போகும்போது தோணியில் கருவாடு சுற்றிக்கொண்டு போகப் பழகினார். கருவாடு சுற்றிய தாளை எந்த இராணுவமும் வாசிப்பதில்லை.

2006ஆம் ஆண்டு பங்குனியில் ஒரு சனிக்கிழமை, மீன்பிடிக்கும் சீனித்தம்பியின் பெயர் பட்டியலில் இல்லை என்று ஈனிட் சொன்னார். திங்கட்கிழமை அவருடைய உடல் வாவியில் மிதந்தது. இரண்டு மாதங்களின் பின் மூத்தவர் ஒருவரின் பெயர் விடுபட்டது, அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் செவ்வாயன்று போனார். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஊருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. கோகுல்சந்திரர் இறந்தவர்களுக்குப் பத்திரிகை அனுப்புவதில்லை, அதையும் முன்கூட்டியே செய்கிறார். பயந்தவர்கள் தோணியைத் திறக்காமலே அடுப்பில் போட்டார்கள். 2008இல் லெப்டினன்டின் பெயர் விடுபட்டது. அவர் வடக்கே மாற்றலாகிப் போயிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். கனகசிங்கம் அன்று சோறு வேண்டாம் என்றார். ஏன் என்று இரத்தினம்மா கேட்கவில்லை. அவள் சனிக்கிழமைகளில் கேட்பது ஒரே கேள்விதான்.

“பேர் இரிக்கா?”

“இரிக்கு.”

இப்படியே வருடங்கள் போயின. கனகசிங்கத்தின் மகன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பட்டியல். அந்தப் பட்டியலை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஈனிட். சந்தேகப் பிராணி ஒருவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒருநாள் ஈனிட் கண்ணாடி போடாமலே, பெயர் இருக்கிறது என்று சொன்னதை அவர் கவனித்துவிட்டார். அன்று வாய்விட்டுக் கேட்டார், விரலை வைத்துக் காட்டச் சொன்னார். ஈனிட் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, திபாகர் என்று வாசித்தார். கனகசிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் மகன் திபாகர் இல்லையே என்றார். வங்காளத்தில் வகர ஒலியே கிடையாது, வரதன் அங்கே பரதன்தான், கடைசி எழுத்தையும் அவர்கள் விழுங்கிவிடுவார்கள் என்று ஈனிட் விளக்கினார். கனகசிங்கம் அந்த நாலு எழுத்தையும் சிகரெட் பெட்டி ஒன்றில் பிரதி பண்ணிக்கொண்டு வந்தார். அறுபத்தெட்டு வயதில் வேறொரு பாஷையின் நாலு எழுத்தைக் கற்றார். ஒவ்வொரு சனிக்கிழமையும் தானே தேடினார். நாலும் இருந்தன, ஒருபோதும் தவறவில்லை. பெயருக்குப் பின்னால் இன்னொரு சொல்லும் இருந்தது. அது என்னவென்று அவர் கேட்கவில்லை. சீனியைக்கூட நம்பாத மனிதர் அந்த ஒரு சந்தேகத்தை மட்டும் மூடிவைத்தார்.

யுத்தம் முடிந்துவிட்டதாக வானொலி சொன்ன கிழமையின் சனிக்கிழமை கடைசித் தோணி வந்தது. அங்கே 1823. பத்திரிகை நடத்துகிறவன் இனி நீதவான் முன் சத்தியம் செய்து அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும் என்று கும்பனி சட்டம் போட்டிருந்தது. இத்தனை வருடம் தன் சந்தாதாரர்கள் உண்மையானவர்களா என்று எல்லோருக்கும் பதில் சொல்லிக் களைத்துவிட்டதாகவும், தான் உண்மையானவனா என்றும் ஒரு வெள்ளைக்காரனுக்குச் சத்தியம் செய்யத் தெம்பில்லை என்றும் கோகுல்சந்திரர் எழுதியிருந்தார். மிஞ்சிய சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி தெரிவித்திருந்தார். இனி அடுத்த சனிக்கிழமை இல்லை என்று தெரிந்ததும் கனகசிங்கம் வீட்டுக்கு வந்து, சேர்த்து வைத்திருந்த இருநூற்றுச் சொச்சம் இதழ்களையும் நிலத்தில் பரப்பினார். வன்னியிலிருந்து அந்த நாட்களில் வந்த செய்திகளுக்குப் பிறகு அவரால் அந்தச் சந்தேகத்தை மூடிவைத்திருக்க முடியவில்லை. அவருடைய பெயரை முன்பே ஈனிட் காட்டியிருந்தார். அதன் பின்னால் ஒரு சொல். சரீப்பின் பெயர் என்று ஒருமுறை காட்டியதன் பின்னாலும் ஒரு சொல், அது வேறு. ஈனிட் காட்டியிருந்த ஊர்க்காரர் அத்தனை பேரின் பின்னாலும் தன் பெயருக்குப் பின்னாலிருந்த அதே சொல். அது ஊரின் பெயராகத்தான் இருக்க வேண்டும். திபாகரின் பின்னால் இருந்த சொல் பெரியகல்லாறும் இல்லை, மருதமுனையும் இல்லை. கடைசி இதழிலிருந்து முதலிதழ்வரை இல்லை.

அடுத்த பஸ்ஸில் டவுனுக்குப் போனார். ஈனிட் தாளை வாங்காமலே தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் திபாகர் ஹூக்ளி என்ற ஊரில் இருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா. பெரியகல்லாற்றுத் திவாகரனின் பெயர் ஒரு இதழிலும் வந்ததில்லை.

“முதல் நாள் நீங்க நிண்ட கோலத்த நீங்க பாக்கல்ல, மிஸ்டர் கனகசிங்கம். நான் பாத்தன்,” என்றார் ஈனிட். “இல்லெண்டு சொல்ல வாய் வரல்ல. ஒருக்காச் சொல்லிட்டா பிறகு நிப்பாட்ட ஏலாதுதானே.”

கனகசிங்கம் கோபம் வரும் என்று சற்றுநேரம் காத்திருந்தார். வரவில்லை. கொண்டுவந்த கருவாட்டை மேசையில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

இரத்தினம்மாவிடம் ஒளிக்கவில்லை. முழுவதையும் சொன்னார். நம் பிள்ளை பட்டியல் தொடங்கும் முன்பே போய்விட்டான் போலிருக்கிறது என்றார். இரத்தினம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பரப்பிக் கிடந்த தாள்களுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

“ஆயிஷா உம்மாட பேர் இரிக்கா?” என்று கேட்டாள்.

அவர் தேடினார். சரீப்புக்குப் பின்னாலிருந்த மருதமுனை என்ற சொல் ஒவ்வொரு இதழிலும் ஒரே ஒரு தடவைதான் வந்தது. ஆயிஷா உம்மா முதலிலிருந்தே பட்டியலில் இல்லை.

“அந்த மனிசி இண்டைக்குக் காலையும் மீன் கூடையோட வந்து என்னோட சண்டை புடிச்சிட்டுப் போனவ,” என்றாள் இரத்தினம்மா. “அவடத்த ஆர் எழுதின? சரீப்தானே எழுதின.”

மறுநாள் இருவரும் வீடுவீடாகப் போய் விசாரித்தார்கள். கை முறிந்திருந்ததால் மகளைக் கொண்டு எழுதுவித்த ஒருவர் பட்டியலில் இல்லை, அவர் வேலியில் ஏறி நின்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். எழுதத் தெரியாத தாய்க்காக மகன் எழுதிய பெயரும் அச்சாகவில்லை, அவரும் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கெல்லாம் வந்த பிரதி உண்மையில் எழுதியவனுக்கு வந்தது. கோகுல்சந்திரர், தன் கைப்பட எழுதாத ஒருவருடைய பெயரையும் ஏற்கவில்லை. பொலிஸ் கேட்டால் காட்டுவதற்கு அவருக்கு அது தேவைப்பட்டிருக்கும். எப்படியோ, தோணி திவாகரன் இருக்கிறான் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. கனகசிங்கம் தெருவிலேயே நின்று அழுதார். நாலரை வருட நிம்மதி பொய்யாகிப் போனதற்காக அழுதாரா, ஒரு நாள் பட்ட துக்கம் பொய்யாகிப் போனதற்காக அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை. இரத்தினம்மா அவருடைய தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

2011இல், காணாமற்போனவர்களை இறந்தவர்களாகப் பதியலாம், பெற்றோர் வந்து ஒப்பமிட்டால் போதும் என்று அறிவித்தல் வந்தது. கனகசிங்கத்துக்கும் கடிதம் வந்தது. பிரதேச செயலகத்தில் தனுஷா என்ற உத்தியோகத்தர் அவரை இருக்கச் சொல்லி, படிவத்தை முன்னால் வைத்து, ஒப்பமிட்டால் என்னென்ன கிடைக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். மரியாதையான பிள்ளை. கனகசிங்கம் வழக்கம்போல மூன்று தடவை வாசித்தார். திவாகரன் என்ற பெயர் சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது.

“அவன்ட பேருக்கு நான் ஒப்பம் வைச்சாச் செல்லாது, புள்ள,” என்றார்.

“தகப்பன் வைச்சாக் காணும் ஐயா.”

“காணாது. கல்கத்தாவிலயே ஏத்துக்கொள்ளல்ல. நான் எழுதிக் குடுத்துப் பாத்தனான்.”

தனுஷா அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பெரியப்பா வீட்டு வாசலிலும் நாலரை வருடம் தோணி விழுந்திருந்தது. அதனால் மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. கோப்பைத் திறந்து, மரணப் பதிவுக்கான விண்ணப்பத்தில், தந்தை ஒப்பமிடவில்லை என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில், உரியவர் நேரில் சமுகமளித்து ஒப்பமிட வேண்டும் என்று எழுதி முத்திரை குத்தினார். மேலதிகாரி அடுத்த நாள் அதை வாசித்துவிட்டு, திகதி விடுபட்டிருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். திகதி போட்டதும் கையொப்பமிட்டார்.